நான்கு நிமிடம்

இரண்டு பத்துக்குப் போன் சொன்னது:
அஞ்சல் சேர்வர் பதிலளிக்கவில்லை.
இரண்டு பதினைந்துக்கும் அதையே சொன்னது.
இரண்டு இருபதுக்கு நான் ஸ்கூட்டியில்
உப்புவெளிச் சந்தியைத் தாண்டிவிட்டேன்,
இரவுச் சட்டைக்கு மேல் மழைக்கோட்டு.
மழை இல்லை.

பஸ் நிலையத்தடியில் மான்கள்
நடுவீதியில் படுத்திருந்தன.
ஹோர்ன் அடித்தேன்.
ஒன்று மட்டும் எழும்பி, யோசித்து,
திரும்பவும் படுத்தது.

உட்துறைமுக வீதியில் கேற்றைத் திறந்த சோமசிறி
"மிஸ், கரண்ட் இருக்கே?" என்றார்,
கரண்ட் போனால்தான் நான் வருவேன் என்ற கணக்கில்.

சேர்வர் அறையில் பதினெட்டுப் பாகைக் குளிர்.
பச்சை விளக்குகள் பச்சையாகவே இருந்தன.
டிஸ்க் பாதிதான் நிறைந்திருந்தது.
நான் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே
சிட்டகொங்கிலிருந்து ஒரு கடிதம் வந்து இறங்கியது:
கோதுமைக் கப்பல், வெள்ளி காலை,
இழுவைப் படகு இரண்டு தேவை.
செத்த சேர்வர் கடிதம் வாங்குமா?

போன் மறுபடி: பதிலளிக்கவில்லை.

கண்ணா போனா என்று வந்த இடத்தில்
நான் போனை நம்பினேன்.
அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள்.
கொழும்பிலிருந்து அபேகோன் வேறு
மூன்றாம் தடவையாக அழைத்துக்கொண்டிருந்தார்.
ரீஸ்டார்ட் கொடுத்தேன்.

நான்கு நிமிடம் திரை கறுப்பு.
விசிறிகள் சீனன்குடா விமானம் மாதிரி இரைந்து
அடங்கின.
சேர்வர் எழும்பி வந்தது.
போன்: பதிலளிக்கவில்லை.

பிறகுதான் லொக்கைத் திறந்தேன்.
முதலே திறந்திருக்கவேண்டும்.

காவல் பார்க்கும் மென்பொருள்
ஐந்து நிமிடத்துக்கொரு கடிதம் போடும்,
'சோதனை' என்ற முகவரிக்கு.
போய்ச் சேர்ந்தால் சேர்வர் உயிரோடு.
அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த வைத்தியம்.
மூன்று வருடத்துக்கு முதல், கட்டார் போகிற மாதம்
அஸ்மீர் எழுதிவைத்துவிட்டுப் போனது.

அந்தப் பெட்டியை யாரும் திறந்ததில்லை.
திறந்தேன்.
மூன்று லட்சத்துப் பதினையாயிரம் கடிதங்கள்,
ஒன்றும் வாசிக்கப்படாமல், தடித்த எழுத்தில்.
எல்லாவற்றிலும் ஒரே சொல்:
இருக்கிறியா?

ஒவ்வொன்றும் கொத்தமல்லி அளவு.
கொத்தமல்லியாலும் சாக்கு நிரம்பும்.
இரண்டு ஐந்துக்கு நிரம்பியிருக்கிறது.
அடுத்து வந்ததைச் சேர்வர்
மரியாதையாகத் திருப்பியனுப்பியது:
பிழை ஐந்நூற்று ஐம்பத்திரண்டு,
பெட்டியில் இடமில்லை.
அதைத்தான் மரணம் என்று வாசித்து
காவல்காரன் ஊரைக் கூட்டியிருக்கிறான்.

இடமில்லை என்று சொல்வதற்கும்
ஒருவர் உயிரோடு இருக்கவேண்டும்.
அது அவனுக்கு எழுதப்படவில்லை.
எனக்கும்தான், ஒன்றரை மணி நேரமாக.

ஐம்பது ஐம்பதாக அழித்துப் பார்த்தேன்.
விடியாது என்று தெரிந்ததும்
ஒரே கட்டளையில் எல்லாவற்றையும்.
ஒரு நாள் கடந்தது தானே போய்விடும்படி
இரண்டு வரி சேர்த்தேன்.
மூன்று ஐம்பதுக்குப் புதிய கடிதம் வந்து
வெறும் பெட்டியில் தனியாகக் கிடந்தது.
இருக்கிறியா?
போன்: வழமைக்குத் திரும்பியது.

அதே சொல்லை அஸ்மீருக்கு வாட்ஸ்அப்பில் போட்டேன்.
தோஹாவில் ஒன்று இருபது.
உடனே நீலமானது.
"ஓம். என்ன, படுத்திட்டுதா?"
"இல்லை. நிரம்பிட்டுது."
சிரிக்கிற முகம் ஒன்று அனுப்பினான்.
பிறகு 'எழுதிக்கொண்டிருக்கிறார்' என்று
நெடுநேரம் காட்டியது.
ஒன்றும் வரவில்லை.

அபேகோனுக்கு அறிக்கை.
சேவை தடைப்பட்ட நேரம்: நான்கு நிமிடம்.
காரணம் என்ற கட்டத்தில்
'கண்காணிப்பு' என்று அடித்தேன்.
அழித்துவிட்டு என் பெயரை அடித்தேன்.

கேற்றடியில் சோமசிறி
பிளாஸ்க் மூடியில் பிளேன்ரீ நீட்டினார்.
"கரண்ட் வந்துட்டா மிஸ்?"
வந்துட்டுது என்றேன்.